சுவரோரத்து இடம்

கை கழுவப் போனபோதுதான் பார்த்தேன். வலது கை நடுவிரல் முட்டியில் சுண்ணாம்பு. இத்தனூண்டு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் முட்டியில் ஒட்டியிருக்குமே, என் முந்தானையில்தான் துடைப்பாயே, அதே இடத்தில். கழுவ மனம் வரவில்லை. குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்து, தையல் மிஷின் பலகையில் அளவு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு உனக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். செத்துப்போனவளுக்குக் கடுதாசி எழுதுகிறவளைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "யக்கா, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா?" என்பாய். பிடித்துத்தான் இருக்கிறது, போ.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலை எங்கள் தாள வட்டம் கூடுவதற்குள் உன் இடத்தை மூடுவதா வேண்டாமா என்று நான் சொல்லியாக வேண்டும். மூடாவிட்டால் இனிமேல் வரமாட்டோம் என்று பாதிப் பேர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். பத்து வருஷமாகக் கட்டிக் காத்த வட்டம். உன்னை விட்டால் இதைப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ முதல் முறை இந்தக் கூடத்துக்குள் வந்தது பாட்டுக் கற்கவும் இல்லை, தாளம் போடவும் இல்லை. சண்டை போட வந்தாய். கன்னியர் மடத்து சிஸ்டர்கள் நடத்துகிற இந்தச் சமூகக் கூடத்தில் வார நாளெல்லாம் என் தையல் வகுப்பு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். ஞாயிறு காலை மட்டும் எங்கள் தாள வட்டம். பெயின்ட் தின்னர் டிரம், சரக்கு அடுக்குகிற பாலட் பலகை, பிவிசி குழாய், குக்கர் மூடி என்று கம்பெனிகள் கழித்துப் போட்டதையும் வீட்டில் கழித்துப் போட்டதையும் வைத்துக்கொண்டு பதினைந்து பதினாறு பெண்கள் போடுகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் நீ குடி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, வாசலில் வந்து நின்றாய்.

"ஒரு மனுஷிய செத்த நேரம் ஒறங்க விடமாட்டியளா? இப்படியா போட்டுத் தட்டுவிய?"

"இன்னாம்மா, பத்து மணிக்கு மேல இன்னா தூக்கம்?" என்றேன் நான். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

"நைட் ஷிப்டு யக்கா. ஆறு மணிக்குத்தான் பஸ் எறக்கிவிட்டுச்சு."

எல்லோருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குப்பம்மா தன் குக்கர் மூடியைக் கீழே வைத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து உனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, நிலம் இருந்த காலத்தில் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவள், இப்போது கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. டீயைக் குடித்தாய். குடித்தவள் போகவில்லை. தட்டுவதற்குச் சாமான் எதுவும் மிச்சம் இல்லை என்றதும், கடைசியில் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் சுவரையே தட்டினாய். இரண்டு, ஒன்று, மூன்று. "இது நான் வாடக குடுக்குற சுவருதான. எனக்கு இது போதும்" என்றாய். அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி இந்த வட்டத்தில் அதற்கு முன்னால் யாரும் சிரித்ததில்லை.

எங்கள் வழக்கம் உனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. வருகை எடுக்க இங்கே பேர் கூப்பிடுவது கிடையாது. ஆளுக்கு ஒரு தாளம், அவரவர் கட்டிக்கொண்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வட்டத்தில் வரிசையாக ஒவ்வொருத்தியும் தன் தாளத்தைத் தட்டுவாள். என்னுடையது ஒன்று, ஒன்று, இரண்டு. என்னில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டு போய், உன்னிடம் முடியும். யாராவது வரவில்லை என்றால் அவள் ஷிப்டில் இருக்கிறாள் என்று பொருள். அவள் தாளத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்தவள் தட்ட வேண்டும். அந்த இடத்தை வேறு யாரும் நிரப்பக் கூடாது. அது நான் போட்ட சட்டம். கம்பெனி லைனில் ஒருத்தி ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுகிற ஊர் இது, இங்கேயாவது அவளுக்கு ஓர் இடம் இருக்கட்டுமே என்று நினைத்துப் போட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு தடவை நீ இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் முகம் வற்றிப்போய் வந்தாய். டெங்கு என்றாய். "சொல்லக் கூடாதாடி? ஷிப்டுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்று சத்தம் போட்டேன்.

"எனக்கு எடம் விட்டியளாம்லா? கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம். நல்லாத்தான் விட்டிய. எடம் விட்டாப் போதுமாக்கா? எடம் காலியா கெடக்கேன்னு ஓர் ஆளு வந்து பாக்காண்டாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். மறுநாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்து, அதோடு அதை மறந்தும் போனேன். நீ சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் இந்த நோட்டில் ஜாக்கெட் அளவு மட்டும்தான் இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

கண்ணை மூடியாயிற்று. என்னில் ஆரம்பித்து, தாளம் சுற்றி, உனக்குப் பக்கத்தில் உட்காருகிற ஸ்டெல்லாவின் டிரம்மில் வந்து நின்றது. அடுத்தது நீ. சுவரில் கேட்டது: இரண்டு, ஒன்று, மூன்று. வந்துவிட்டாள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். உன் இடம் காலியாக இருந்தது. செருப்பும் வாசலில் இல்லை.

எனக்கு வந்ததே கோபம். "யாருடி அது? ஷிப்ட்ல இருக்கறவ எடத்துல கை வெக்கக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது?"

"நான் இல்லக்கா. மாதா மேல சத்தியமா" என்றாள் ஸ்டெல்லா.

"நீதானே பக்கத்துல கீற, வேற யாரு?"

இரண்டாவது சுற்று. உன் முறை வந்தது. இரண்டு, ஒன்று, இரண்டு. அவ்வளவுதான், அதோடு நின்றுபோனது. நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேன்: "திருடறதுன்னா ஒழுங்கா திருடணும். தாளமும் தப்பு." வட்டமே சிரித்தது. பாலட் பலகையைத் தட்டிச் சிரித்தது. மூன்றாவது சுற்றில் உன் இடத்தில் எதுவும் கேட்கவில்லை. "பாத்தியா, திட்டுனா அடங்குது" என்றேன். பதினொன்றரைக்குக் கூடத்தைப் பூட்டிவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குழம்பு நன்றாக வந்தது என்றுகூட நினைவு இருக்கிறது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸுக்கு நீ வரவில்லை என்று உன் லைன் பெண் ஒருத்தி தேடி வந்து, வீட்டுக்காரர் கதவை உடைத்தார். தலையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். ஞாயிறு காலையிலேயே விழுந்திருக்கிறாய். வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது, வாய் எழவில்லை. இடது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. சுவர் ஓரமாகவே கிடந்தாய் என்றார்கள். பெரியாஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது நர்ஸ் உன் இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா இது, முட்டியெல்லாம் நீலம்? பெயின்ட் கம்பெனியா?" என்று கேட்டாள்.

கூடத்துப் பக்கம்தான் அந்தச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. உன் அறைப் பக்கம் வீட்டுக்காரர் அடித்து வைத்திருப்பது நீல டிஸ்டெம்பர்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ கண்ணைத் திறக்கவில்லை. புதன்கிழமை போய்விட்டாய். உன் அண்ணன் வந்து ஊருக்குக் கொண்டுபோனார். கேட்டாயடி நீ. நான் அதட்டியதையும் கேட்டாய், நாங்கள் சிரித்ததையும் கேட்டாய். கூடத்து வாசலிலிருந்து சந்து வழியாகச் சுற்றி உன் வாசலுக்கு நாற்பத்தோரு எட்டு. அப்புறம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோரு எட்டு வைக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் இல்லன்னு சொன்னேனேக்கா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அன்றைக்குச் சுவரைத் தட்டியது நீதான் என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. அன்றைக்கே சட்டத்தை மாற்றினேன். இடம் காலியாக இருந்தால் ஷிப்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருத்தி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுவரை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உன் இடத்தை மட்டும் அப்படியே விட்டோம். இரண்டு, ஒன்று, மூன்று தட்டுகிற நேரத்துக்குச் சும்மா இருப்போம். மூன்று மாதம் அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கும்.

போன ஞாயிறு, ஸ்டெல்லாவின் டிரம் முடிந்ததும், சுவரில் கேட்டது. இரண்டு, ஒன்று, மூன்று.

கண்ணைத் திறந்தால் பதினான்கு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். குப்பம்மாவின் குக்கர் மூடி கீழே விழுந்து உருண்டு, சுவரில் முட்டிப் படுத்தது. நான் எழுந்தேன். "போவாத. அவ வூட்ட வுட்டுப் போவல, சொன்னா கேளு" என்று குப்பம்மா என் முந்தானையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தேன். நல்ல வெயில். யார் வீட்டிலோ கறி தாளிக்கிற வாசனை. மெயின் ரோட்டில் ஒரகடம் போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. உன் கதவில் பூட்டு இல்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் திறந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அசாம்காரி, பேர் ரூபா. வயரிங் லைனில் வேலை. வியாழக்கிழமை குடி வந்தாளாம், எனக்குத் தெரியாது. "நீதான் தட்டுனியாம்மா?" என்றேன். "ஆமா அக்கா, நான்தான்" என்று அவள் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் எனக்கு அது உறைத்தது. இந்தக் கணக்கு இவளுக்கு எப்படித் தெரியும்?

"இந்தத் தாளம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் அக்கா." சுவரைக் காட்டினாள். "வெள்ளிக்கெழம, சனிக்கெழம. பகல்ல நான் தூங்கப் போறப்போ அந்தப் பக்கம் தட்டினீங்க. மொதல்ல பயம். அப்புறம் நானும் தட்டினேன். நான் தட்டினா நிக்குது. தட்டலன்னா நிக்காது. இன்னிக்கும் நீங்க தட்டினீங்க, நான் தட்டினேன்."

அந்த இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை. நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு வல்லக்கோட்டைக்குப் போயிருந்தேன். கூடம் பூட்டிக் கிடந்தது. ஒரே சாவி, அது என் இடுப்பில். ஞாயிறு அன்றோ நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நல்ல பழக்கம் அக்கா" என்றாள் ரூபா. "நான் இருக்கேனா, நல்லா இருக்கேனான்னு கேக்குறீங்க. இந்த ஊர்ல யாரும் அப்படிக் கேட்டது இல்ல."

அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செய்யாத நல்லதுக்குப் பேர் வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நாங்கள் செய்யாமல் விட்டதை எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து நீ செய்துகொண்டிருக்கிறாய் என்று வழியெல்லாம் தோன்றியது. பயம் மட்டும் இல்லை. வெட்கமாகவும் இருந்தது.

மற்றவர்களிடம் மறைக்க முடியவில்லை. சொன்னதும் கூடம் இரண்டாகிவிட்டது. எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் ஏற்றி, இனி இடைவெளி விடாமல் இடத்தை மூடிவிடலாம் என்றாள் குப்பம்மா. சர்ச்சில் அவளுக்காக ஒரு பூசை வைத்துவிடலாம், இளைப்பாறட்டும் என்றாள் ஸ்டெல்லா. இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இடத்தை மூட வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். அடுத்த ஞாயிறு வரை எனக்கு அவகாசம் கொடுத்தார்கள்.

இன்று மதியம் வகுப்பு முடிந்து பெண்கள் போனதும், வாசலை உள்ளே தாழ் போட்டுவிட்டு உன் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். நீ வந்தால் பார்த்துவிடுவது, பார்த்துக் கேட்டுவிடுவது என்றுதான். மன்னிப்புக் கேட்க வந்தவள், அதிலும் என் அதிகாரம் போகவில்லை பார். ஒரு மணி நேரம். சுவர் சும்மா இருந்தது. "இன்னாடி, என்கிட்ட மட்டும் பேச மாட்டியா?" என்று சத்தமாகவே கேட்டேன். கடைசியில் நகர்ந்து போய் உன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, விரல் முட்டியால் என் தாளத்தைத் தட்டினேன். ஒன்று, ஒன்று, இரண்டு.

அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. இரண்டு, ஒன்று, மூன்று. கூடவே ரூபாவின் குரல்: "நல்லா இருக்கேன் அக்கா!"

எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன். "இப்ப உனக்கு எப்படிம்மா கேட்டுச்சு?" என்றேன். தூக்கக் கலக்கத்தோடு கதவுப் பலகையில் தட்டிக் காட்டினாள். இரண்டு, ஒன்று, மூன்று. "எப்பவும் போலதான் அக்கா."

திரும்பி வந்தேன். இந்தத் தடவை கண்ணை அகலத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு தட்டினேன். ஒன்று, ஒன்று, இரண்டு. என் முட்டி சுவரில் பட்டது நாலே முறை. அந்தப் பக்கம் ரூபா ஆறு முறை தட்டிவிட்டுச் சிரித்தாள். "இருக்கேன் அக்கா, இருக்கேன்!"

அப்புறம்தான் கை கழுவப் போனேன்.

உன் இடத்தை நான் மூடப்போவதில்லையடி. குப்பம்மாவிடமும் ஸ்டெல்லாவிடமும் நாளைக் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். பயப்படுகிறவர்கள் வாசலோரம் உட்காரட்டும், வராதவர்கள் வராமல் போகட்டும். அவர்கள் வீட்டுக்கும் நானே நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். சுவரோரத்தில் இனி நான்தான் உட்காரப் போகிறேன். நான் எதைத் தட்டினாலும் அந்தப் பக்கம் உன் தாளமாகத்தான் போய்ச் சேரும் என்றால் சேரட்டும். அங்கே இருக்கிறவள் இருக்கிறேன் என்று சொல்லும்வரை தட்டுகிறேன். இந்தக் கை இனி அதற்குத்தான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் தட்டிய என் தாளம், அந்த ஒன்று, ஒன்று, இரண்டு, ரூபாவிடம் போகவில்லை. அது எந்தப் பக்கம் போயிற்று? உனக்குக் கேட்டதா?